நடுக்குறி

மலையேறும் கயிற்றை வெந்நீரில் துவைக்கக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. சூடு அதிகமானால் நூல் இறுகிவிடும். வெளியே பார்க்கப் புதுக் கயிறு மாதிரி பளிச்சென்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நான் பச்சைத் தண்ணீரில்தான் துவைப்பேன். பழைய குளியல் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் போட்டு, காலால் மிதித்து, மூன்று தண்ணீர் மாற்றி, நிழலில் உலர்த்துவேன். இருபத்தெட்டு வருடமாக இதுதான் என் வேலை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் ஐயா. எனக்கு முதல் என்பது இதுதான்.

எங்கள் ஊருக்கு வந்த வழியிலேயே நீங்கள் எங்கள் மலையைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கருங்கல். மரமோ மண்ணோ கிடையாது, அதனால் ஏற வருகிறவர்கள் அதற்கு ‘வழுக்கை’ என்று பேர் வைத்துவிட்டார்கள். எனக்கும் தலையில் முடி இல்லாததால் என்னையும் சேர்த்துக் கேலி செய்வார்கள். வெயில் காலத்தில் எங்கெங்கிருந்தோ வருவார்கள். அந்தக் கல் உப்புத்தாள் மாதிரி விரல் தோலை உரித்துவிடும், ஆனால் பிடித்தால் விடாது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கல். அடிவாரத்தில் ஏறக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கூடம். அதன் பின்கட்டில் இருக்கும் நீள அறைதான் என்னுடைய கயிற்று அறை. ஜன்னல் கிடையாது, வெயில் கயிற்றுக்கு ஆகாது. சுவரில் மர ஆணிகள், தரையில் மீட்டருக்கு ஒரு மஞ்சள் கோடு, மூலையில் கயிறு வெட்டும் சூட்டுக் கத்தி. கதவுக்கு மேலே ஒரு பலகை: ‘நம்பாதே, அளந்து பார்.’ நான் எழுதி மாட்டியது.

நடுக்குறி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், அது புரியாமல் மற்றது புரியாது. கயிறு அறுபது மீட்டர். சரியாக நடுவில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு மையால் ஒரு பட்டை போடுவேன். இறங்கும்போது பாறையில் அடித்திருக்கும் இரும்பு வளையத்தில் கயிற்றைக் கோத்து, அந்தக் குறி வளையத்துக்கு வரும்வரை இழுப்பார்கள். இரண்டு பக்கமும் முப்பது முப்பது மீட்டர் தொங்கும். இரண்டையும் சேர்த்து இடுப்பில் இருக்கும் பிரேக்கில் மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். குறி நடுவில் இல்லையென்றால் ஒரு பக்கம் குட்டையாகிவிடும். இறங்குகிறவருக்குத் தெரியாது. குட்டை முனை பிரேக்கிலிருந்து நழுவிய நொடியில் மொத்தக் கயிறும் வளையத்தின் வழியாக ஓடிவிடும்.

இதற்காகவே முனையில் முடிச்சுப் போடுவது வழக்கம். வழுக்கையின் தோள் என்று நாங்கள் சொல்லும் இடத்தில் மட்டும் போட முடியாது. அங்கே கீழே ஒரு விரிசல் இருக்கிறது. கயிற்றை உருவும்போது முடிச்சு அதில் போய்ச் சிக்கினால் திரும்ப வராது. அதனால் தோளில் எல்லாரும் குறியை நம்பியே இறங்குகிறார்கள். இருபத்தொன்பது மீட்டர் கீழே நாலடி அகலத்தில் ஒரு பாறைத் திட்டு, வெளிப்பக்கம் சரிந்தது. நடுவில் பாறை வயிறு மாதிரி புடைத்திருப்பதால் மேலேயிருந்து பார்த்தால் கயிற்றின் முனை தெரியாது. திட்டில் கால் வைத்துவிட்டால் அங்கிருந்து நடைபாதை. கால் வைக்காவிட்டால் அதற்குக் கீழே எண்பது மீட்டர் வெறும் காற்று.

ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். வாங்கிய தேதி, துவைத்த தேதி, எத்தனை முறை விழுந்த ஆளைப் பிடித்தது, எங்கே வெட்டினேன். முனை நைந்தால் வெட்டவேண்டி வரும். வெட்டினால் குறியை அழித்துப் புது நடுவில் போட்டு, கயிற்றைக் குட்டைக் கயிறுகளின் ஆணிக்கு மாற்ற வேண்டும். தோளுக்கு அது எட்டாது. இதையெல்லாம் அட்டையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பெட்டியில் எண் வரிசைப்படி வைப்பேன். பெட்டியில் ஒரே ஒரு அட்டைதான் இல்லாமல் இருந்தது. நாற்பத்தொன்று. ஆறு வருடம் அந்த இடம் காலியாக இருந்தது.

என் மகனும் மாப்பிள்ளையும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாக ஏறியவர்கள். ஒருவன் தும்மினால் இன்னொருவன் கைக்குட்டை எடுப்பான். அப்படி வீட்டுக்கு வந்து போனவரைத்தான் என் மகள் கட்டிக்கொண்டாள். எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. என் மனைவிக்கு அவர் என்றால் உயிர். மகனுக்கும் முன்னால் அவருக்குத்தான் தட்டு வைப்பாள். மகன் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பான்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், தோளிலிருந்து மகன் முதலில் இறங்கினான். மாப்பிள்ளை மேலே நின்றிருந்தார். திட்டுக்கு நான்கு மீட்டர் மேலே குட்டை முனை பிரேக்கை விட்டு நழுவியது. திட்டின் விளிம்பில் விழுந்து, அதற்கும் கீழே போனான்.

விசாரணையில் மாப்பிள்ளை ஒரே வாக்கியம்தான் சொன்னார். “நான்தான் கயிறு கோத்தேன், அவசரத்துல குறியைப் பாக்கல, தப்பு என்னோடது.” அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பயிற்சிக்கூடத்தில் ஏறக் கற்றுக்கொடுக்கும் வேலையிலிருந்து அவரை ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். கயிற்றை என்னிடமே திருப்பித் தந்தார்கள்.

நான் அதைத் தரையில் மஞ்சள் கோட்டின் மேல் விரித்து அளந்தேன். குறியிலிருந்து ஒரு பக்கம் முப்பது, மறுபக்கம் இருபத்தைந்து. முனை சூட்டுக் கத்தியால் வெட்டி உருக்கியிருந்தது. அப்படி ஒழுங்காக உருக்குகிறவன் எங்கள் ஊரிலேயே நான் ஒருவன்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு மாலை அதை வெட்டியது ஞாபகம் வந்தது. நைந்திருந்த ஐந்து மீட்டரை வெட்டினேன், அட்டையில் எழுதினேன், மை பாட்டிலைத் திறக்கப் போன நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. மனைவி, சாப்பிட வரச் சொன்னாள். கயிற்றைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டேன்.

அந்தக் கயிற்றைக் கொல்லையில் வைத்து எரித்தேன். ஒருவர் உயிர் போன கயிற்றை வைத்துக்கொள்வதில்லை, அது எங்கள் வழக்கம், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அட்டையைத் தேடினேன், காணவில்லை. எங்கேயோ விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஏன் அன்றே வாய் திறக்கவில்லை என்று உங்கள் முகத்தில் கேள்வி தெரிகிறது. சொல்ல வேண்டியதை மாப்பிள்ளை முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அவர் கோத்தபோது நிஜமாகவே குறியைப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நான் நம்பினேன். ஒரு விபத்துக்கு இரண்டு பேர் பொறுப்பேற்று என்ன ஆகப்போகிறது? மகன் திரும்பி வரப்போவதில்லை. பயிற்சிக்கூடத்தில் நூற்றுப் பன்னிரண்டு கயிறுகள் இருந்தன, என் கையெழுத்தை நம்பி ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கை போனால் எத்தனை பேருக்குக் கஷ்டம்.

என் மனைவி மாப்பிள்ளைக்கு முகம் கொடுப்பதை அன்றோடு நிறுத்தினாள். அவர் வாசலில் வந்து நின்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மகள் புருஷனை விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் அம்மாவை இழந்தாள். ஒரே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார்கள், நாலு கடல் தள்ளி இருந்த மாதிரிதான். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. பழியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆறு வருடம் நடந்தார். அது அவருடைய குணம். இன்னொருவர் குணத்தில் நாம் தலையிட முடியாது.

மகன் போன பிறகு ஏற வருகிறவர்கள் எல்லாரும் தோளில் நின்று நடுவை அளந்து பார்க்கத் தொடங்கினார்கள். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தால் நடு தானாக வந்துவிடும். பத்து நிமிட வேலை. மாப்பிள்ளை மட்டும் அளக்க மாட்டார். மற்ற இடத்துக் கயிறு என்றால் இரண்டு தடவை அளப்பார், என் ஆணியிலிருந்து எடுத்த கயிற்றை அப்படியே கோத்துவிடுவார். பார்க்கிறவர்கள் மெச்சிக்கொள்வார்கள், மாமனார் மேல் எவ்வளவு மரியாதை என்று. எனக்கு அது ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு வந்திருந்தது. தோளிலிருந்து யாரையும் தனக்கு முன்னால் இறங்க விடமாட்டார். முதலில் அவர்தான்.

இந்த வருடம் மகள் உண்டாகியிருந்தாள். ஏழாவது மாதம். ஒரு மத்தியானம் மாப்பிள்ளை கயிற்று அறைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். நாற்பத்தொன்று.

“அன்னிக்கு சாயங்காலமே எடுத்துட்டேன் மாமா. குறியை நான் ரெண்டு தடவ பாத்துதான் கோத்தேன். அப்புறம் அவன் விழுந்தது எப்படின்னு புரியாம இங்க வந்தேன். வெட்டினதுன்னு எழுதியிருந்தது, குறி மாத்தினதுன்னு இல்ல.”

நான் அட்டையில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன்.

“நீங்க பையனைப் பறிகொடுத்து நின்னீங்க. அதுக்கு மேல இதையும் எப்படி உங்க தலையில போடறது? என்னால முடியல. நான் தாங்கிப்பேன்னு நெனச்சேன்.”

“இப்ப ஏன் எடுத்துட்டு வந்தீங்க?”

“அத்தை நேத்து உங்க பொண்ணுக்குச் சொல்லியனுப்பியிருக்காங்க. என் கை பட்ட குழந்தையைத் தொட மாட்டாங்களாம். அவ ராத்திரி பூரா அழுதா மாமா.” ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். “ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். அத்தைகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. குழந்தை பொறக்கறதுக்குள்ள. நான் கூட வந்து உக்காந்துக்கறேன், நானே பாதிய சொல்றேன். அத்தை குழந்தையைத் தூக்கினாப் போதும், வேற எதுவும் எனக்கு வேண்டாம்.”

நான் சரி என்றேன். அவர் எழுந்து போகும்போது அட்டையை எடுத்துக்கொள்ளவில்லை. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “அது உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா, நான் யார்கிட்டயும் காட்டப் போறதில்ல,” என்றார்.

அதை நான் நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் செருகினேன். ஆறு வருடத்துக்குப் பிறகு பெட்டி நிறைந்தது. அது ஒரு நிம்மதி.

அன்று மாலை சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். மனைவி என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அந்த ஆள் பேச்சு வேண்டாம். உங்ககிட்ட இருக்கற பொறுப்புல பாதி அவர்கிட்ட இருந்திருந்தாக்கூட என் பையன் இன்னிக்கு இருந்திருப்பான்.”

சொல்லிவிட்டுச் சட்டையை மடித்து என் மடியில் வைத்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. முப்பத்து நாலு வருடமாக அவள் என்னை ஒரே விதமாகத்தான் பார்த்திருக்கிறாள், எதையும் மறக்காத ஆள் என்று. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தால் என் முகத்தைப் பார்ப்பாள், நான் தலையசைத்தால் போதும். அந்தப் பார்வை இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன்?

மாப்பிள்ளை அவசரப்படுத்தவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் வந்து கயிறு எடுப்பார், “சாப்டீங்களா மாமா” என்பார், போவார். கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். மிரட்டியிருந்தால் இன்னும் நல்லது. எல்லாம் தெரிந்தும் ஆறு வருடம் என் கயிற்றை அளக்காமல் தொங்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. மரியாதை என்று ஊர் நினைத்தது மரியாதை அல்ல, இரக்கம். என்னை மன்னித்துவிட்டதை எனக்கே தெரியாமல் தினமும் செய்து காட்டிக்கொண்டிருந்தார். மன்னிக்கச் சொல்லி நான் அவரைக் கேட்டேனா?

ஒன்பதாவது மாதம் பிறந்த வாரம், அவர் வழக்கமாக எடுக்கும் கயிற்றைத் தரையில் விரித்தேன். எண் தொண்ணூற்று மூன்று, நீலக் கயிறு, முனை எங்கும் நைந்திருக்கவில்லை. சூட்டுக் கத்தியை ஏற்றினேன். ஐந்து மீட்டர் வெட்டினேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முனையை ஒழுங்காக உருக்கினேன். அட்டையை எடுத்து, ‘ஐந்து மீட்டர் வெட்டப்பட்டது’ என்று எழுதினேன். அதோடு நிறுத்த மனம் வரவில்லை. போன தடவை எழுதாமல் விட்டதால்தானே இவ்வளவும். ‘நடுக்குறி மாற்றப்படவில்லை’ என்று அடுத்த வரியில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். கயிற்றை, அது வழக்கமாகத் தொங்கும் மூன்றாவது ஆணியிலேயே மாட்டினேன்.

அதை ஏன் எழுதினாய் என்று நேற்று இரண்டு தடவை கேட்டீர்கள். அட்டையில் இருப்பது உண்மையாக இருக்க வேண்டும் ஐயா. இல்லாவிட்டால் அட்டை எதற்கு?

மறுநாள் காலை நல்ல வெயில். மாப்பிள்ளையோடு ஏறப் போனவர் ஒரு பல் மருத்துவர், வருடா வருடம் வருகிற அம்மாள், எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவர். மாப்பிள்ளை வந்து நீலக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டார். நான் கதவுக்கு மேலே இருக்கும் பலகையைக் காட்டி, “அளந்து பாத்துக்குங்க,” என்றேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் சொன்னேன். எல்லாரிடமும் சொல்வது போலவே அவரிடமும் சொன்னேன்.

“உங்க கயித்தயா?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்த அம்மாள் முதலில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டீர்கள். அதையும் நான் யோசிக்காமல் இல்லை. மாப்பிள்ளை யாரையும் முன்னால் அனுப்பமாட்டார். அந்த விஷயத்தில் அவரை நான் முழுதாக நம்பினேன், என் நம்பிக்கை பொய்க்கவில்லை.

தோளில் நடந்ததை அந்த அம்மாள்தான் எனக்கும் சொன்னார். இறங்குவதற்கு முன்னால், நடுவை ஒரு தடவை அளந்துவிடலாமா, நானே அளக்கிறேன் என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை வேண்டாம் என்றாராம். “மாமா போட்ட குறி டாக்டர். நான் அளந்தேன்னு தெரிஞ்சா அவருக்கு மனசு கஷ்டமாயிடும்.” குறியை வளையத்துக்குக் கொண்டுவந்து, கயிற்றைக் கீழே எறிந்து, அந்த அம்மாளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

அந்தப் பலகையை எழுதியவனே நான். எனக்கு ஏன் மனசு கஷ்டமாகப் போகிறது? அளந்திருந்தால் சந்தோஷம்தான் பட்டிருப்பேன். பத்து நிமிட வேலை. அவருடைய உயிர் அவர் கையில்தான் இருந்தது, என் கையில் இல்லை. நான் வெட்டினேன், எழுதினேன், அளக்கச் சொன்னேன். ஒரு கயிற்றுக்காரன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

விசாரிக்க வந்தவர்களுக்கு இரண்டாவது தடவை பெரிதாக வேலை இருக்கவில்லை. முன்னாலேயே ஒருவனைக் கவனக்குறைவால் கொன்றவர், அதே இடத்தில், அதே தவறு. எழுதி முடித்துவிட்டுப் போனார்கள். மகளை என் மனைவி வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பன்னிரண்டு நாள் கழித்துக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை.

பல் மருத்துவர் துக்கம் விசாரிக்க வந்தபோது, ஓடி விழுந்த கயிறு நடுக்குறிக்கு ஒரு பக்கம் நீளமாகக் கிடந்ததாக மகளிடம் சொல்லியிருக்கிறார். கயிறு அளக்க என் மகள் என்னிடம்தான் கற்றாள். போன திங்கட்கிழமை கயிற்று அறைக்கு வந்தாள், என்னிடம் ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் திறந்தாள். தொண்ணூற்று மூன்றை எடுத்துப் படித்தாள். பிறகு என்ன தோன்றியதோ, பின்னால் போய் நாற்பத்தொன்றையும் எடுத்துப் படித்தாள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“அப்பா,” என்றாள். “ரெண்டு தடவையும் மறந்துட்டீங்க. அவ்வளவுதானே? மறந்துட்டீங்கதானே?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீங்கள் எங்கள் ஊருக்கு வந்திருக்க மாட்டீர்கள். அவள் அழுதிருப்பாள், நானும் அழுதிருப்பேன், வயசாகிவிட்டது என்று வேலையிலிருந்து நின்றிருப்பேன். ஆனால் இரண்டு தடவை மறந்தவன் என்று என் மகள் என்னை நினைப்பதை என்னால் தாங்க முடியாது.

“நான் எதையும் மறக்கறதில்லம்மா,” என்றேன்.

அவள் இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு உங்களிடம் வந்தாள். பெட்டியில் இப்போது இரண்டு இடம் காலி. விசாரணை முடிந்ததும் அவற்றைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். நாற்பத்தொன்று நாற்பதுக்குப் பிறகு வரும்.

ஆம் ஐயா, வேண்டுமென்றேதான் வெட்டினேன். அவர் விழுவார் என்று தெரிந்துதான் வெட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கலாமா? மகள் இன்னும் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை என்றீர்கள். நீங்களும் சொல்ல வேண்டாம். நேற்று என்னை வண்டியில் ஏற்றும்போது நீங்களே பார்த்தீர்கள், வாசலில் அந்தக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகைத் தட்டிக்கொண்டு நின்றாள். கயிறு பற்றி ஏதோ சந்தேகம் கேட்கக் கூப்பிடுகிறார்கள், சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பிறந்த நாளிலிருந்து அவள் அந்தக் குழந்தையைக் கீழே விடவே இல்லை. மாப்பிள்ளை என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதை நான் செய்து கொடுத்துவிட்டேன்.